ஜவ்வாது மலைக் கருங்கல்லும் சார்னோகைட் என்ற பெயரும்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில், சாலைக்காகப் பாறையை வெட்டிய இடங்களில் ஒரே கல்லுக்கு இரண்டு நிறம் இருப்பதைப் பார்க்கலாம். காலங்காலமாக வெயிலும் மழையும் பட்ட மேல்புறம் பழுப்பாக, துருவேறியது மாதிரி இருக்கும். வெடி வைத்துப் புதிதாகப் பிளந்த உட்புறமோ கருநீலம். சில இடங்களில் கரும்பச்சை. இரண்டும் ஒரே கல்லா என்று சந்தேகம் வரும். ஒரே கல்தான். ஊரில் கேட்டால் கருங்கல் என்பார்கள். புவியியல் படித்தவர் சார்னோகைட் என்பார்.

வரையறை சின்னதுதான். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகிய இரண்டு கனிமங்களோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற மூன்றாவது கனிமமும் இருந்தால் அந்தப் பாறை சார்னோகைட். பாடநூலில் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த மூன்றாவது கனிமம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரியாவிட்டால், வரியை மனப்பாடம் செய்து பயனில்லை.

முதலில் கிரானைட். கடையில் பளபளப்பாக்கி விற்கும் எந்தக் கல்லுக்கும் நம் ஊரில் கிரானைட் என்றே பெயர். புவியியலில் அப்படி இல்லை. நிலத்துக்கு அடியில் உருகிய குழம்பு மெல்லமெல்ல ஆறி இறுகிய, குவார்ட்ஸ் நிறைய உள்ள வெளிர் நிறப் பாறைக்குத்தான் அந்தப் பெயர். குவார்ட்ஸ் நமக்குப் பழக்கமானது. காட்டுமேட்டில் வெள்ளையாகக் கிடக்கும் வெங்கச்சங்கல் அதுவே. ஃபெல்ட்ஸ்பார் என்பது வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு நிறங்களில் பட்டையான முகங்களோடு மின்னும் கனிமம், மட்கினால் களிமண்ணாகும். சாதாரணக் கிரானைட்டில் இவற்றுக்கிடையே கறுப்புப் புள்ளிகளாக இருப்பது பெரும்பாலும் மைக்கா, நம் வழக்கில் காக்காப்பொன். சார்னோகைட்டில் அந்தக் காக்காப்பொன்னின் இடத்தைப் பெரிதும் ஹைப்பர்ஸ்தீன் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஹைப்பர்ஸ்தீன் என்பது இரும்பும் மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்த கனிமம். பைராக்சீன் என்ற பெரிய குடும்பத்தில், ஆர்த்தோபைராக்சீன் என்ற கிளையைச் சேர்ந்தது. 1988-இல் உலகக் கனிமவியலாளர்கள் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனவே புதிய நூல்களில் ‘ஆர்த்தோபைராக்சீன் உள்ள கிரானைட்’ என்றிருக்கும், பழைய நூல்களில் ‘ஹைப்பர்ஸ்தீன் கிரானைட்’ என்றிருக்கும். இரண்டும் சுட்டுவது ஒரே கல்லைத்தான்.

ஒரு சில்லைக் கையில் எடுத்து வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். புதிதாக உடைந்த முகத்தில் ஒரு எண்ணெய்ப் பளபளப்பு இருக்கும். சார்னோகைட்டை அடையாளம் காண எவரும் முதலில் தேடுவது அதைத்தான். திருப்பும்போது ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னி, அடுத்த நொடி மங்கிவிடுவது ஃபெல்ட்ஸ்பார். வெள்ளையாக இருக்க வேண்டிய அது இங்கே பச்சையோ சாம்பலோ கலந்திருக்கும். எப்படித் திருப்பினாலும் கண்ணாடிச் சில்லு போல ஒரே மாதிரி இருப்பது குவார்ட்ஸ்; அதிலும் லேசான நீலம் தெரியும். வழக்கமாக வெளிறிய நிறத்தில் இருக்கும் இந்த இரண்டும் இங்கே நிறமேறியிருப்பதால்தான் கல் மொத்தமும் இருண்டு தெரிகிறது. கிரானைட் அளவுக்கே சிலிக்கா உள்ள ஒரு கல், பார்வைக்குக் கருங்கல்லாக நம்மை ஏமாற்றுவது இதனால்தான். இடையிடையே பழுப்பாக, சற்றே வெண்கலச் சாயலோடு இருக்கும் மணிகளே ஹைப்பர்ஸ்தீன். அவற்றைப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று போதும்.

ஆனால் கண்ணை நம்பி யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும் ஏடாகிவிடும். அதை முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் வைத்து மேடையைச் சுழற்றும்போது, ஹைப்பர்ஸ்தீன் மணி இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கும், திரும்ப இளஞ்சிவப்புக்கும் மாறும். புவியியல் மாணவர்கள் மறக்காத காட்சி இது. அந்த நிறமாற்றம் தெரிந்த பிறகுதான் குறிப்பேட்டில் சார்னோகைட் என்று எழுதுவார்கள்.

இனி, இந்தக் கனிமத்துக்கு ஏன் இத்தனை மரியாதை என்ற கேள்வி. காரணம், தண்ணீர்.

காக்காப்பொன்னின் படிகக் கட்டமைப்புக்குள் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. ஈரமாக அல்ல, ஹைட்ராக்சில் என்ற வடிவில், அணுக்களோடு அணுவாக. ஹார்ன்பிளெண்ட் என்ற இன்னொரு கறுப்புக் கனிமமும் அப்படித்தான். இவை உள்ள பாறையை 750, 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், அதுவும் சுற்றுப்புறத்தில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது, காக்காப்பொன்னால் தாக்குப்பிடிக்க முடியாது. அது பக்கத்திலிருக்கும் குவார்ட்ஸோடு வினைபுரிந்து உடைகிறது. உடைந்த இடத்தில் ஆர்த்தோபைராக்சீனும் ஃபெல்ட்ஸ்பாரும் பிறக்கின்றன. கட்டுண்டிருந்த தண்ணீர் விடுபட்டு வெளியேறுகிறது, அல்லது அங்கே உண்டாகும் கொஞ்சம் உருகுகுழம்பில் கரைந்து போகிறது. ஆர்த்தோபைராக்சீனுக்குள் தண்ணீருக்கு இடமில்லை. ஆகவே கிரானைட் வகைப் பாறை ஒன்றில் அந்தக் கனிமம் இருக்கிறது என்றால், அந்தப் பாறை கடும் சூட்டில், தண்ணீர் இல்லாத சூழலில் இருந்திருக்கிறது என்று பொருள்.

பச்சரிசியும் புழுங்கலரிசியும் ஒரே நெல்லிலிருந்து வருவதை நினைத்துக்கொள்ளலாம். பொருள் ஒன்றுதான், பட்ட சூடு வேறு, அதனால் நிறமும் உறுதியும் மாறிவிட்டன. ஒப்புமை அந்த அளவோடு நிற்கட்டும், ஏனென்றால் நெல்லைத் தண்ணீர் விட்டு அவிக்கிறோம், சார்னோகைட்டோ தண்ணீரை விரட்டிப் பிறப்பது. ஆனால் வேதியியல் அளவில் நைஸ் என்ற, வரிவரியான சாம்பல் நிறப் பாறைக்கும் அதன் அருகிலேயே இருக்கும் சார்னோகைட்டுக்கும் பல நேரங்களில் பெரிய வேறுபாடு கிடையாது. சிலிக்கா, சோடியம், பொட்டாசியம் எல்லாம் ஏறத்தாழ அதே விழுக்காட்டில் இருக்கும். மாறியிருப்பது கனிமங்கள்.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? ஆழத்திலிருந்து. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சாதாரணமாக 25 முதல் 30 டிகிரி கூடும். பாறையில் உள்ள கனிமங்களின் கலவையை அளந்து, அவை எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் உருவாயின என்று கணக்கிட முடியும். தமிழ்நாட்டின் வடபகுதிச் சார்னோகைட்டுகளுக்கு அப்படிக் கணக்கிட்டதில் கிடைத்த ஆழம் ஏறத்தாழ 20 முதல் 30 கிலோமீட்டர். காலம் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். ஜவ்வாது மலை, கிருஷ்ணகிரி, சேலம், சென்னைப் பகுதி எல்லாம் இந்த ஒரே பழைய நிலத்தொகுதியைச் சேர்ந்தவை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு இந்தத் தலைப்பில் ஆகப் பிடித்த இடம் அதுதான். ஜமுனாமரத்தூரில் நாம் நிற்கும் கல் ஒரு காலத்தில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் அரித்துக் கரைந்து போய்விட்டது. இன்றும் நம் காலடியில் புவியோட்டின் தடிமன் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். போனதையும் இருப்பதையும் கூட்டினால் 60, 70 கிலோமீட்டர் ஆகிறது. பூமியில் இன்று அவ்வளவு தடித்த ஓடு திபெத், இமயமலை போன்ற இடங்களில்தான் உண்டு. பிற்காலத்தில் கீழிருந்து ஓடு தடித்திருக்கவும் கூடும் என்பதால் இது கறாரான கணக்கு ஆகாது. ஆனாலும் கோடைக்கு ஏறிப் போகும் இந்தக் குளிர்மலை, பழைய பெரும் மலைத்தொடர் ஒன்றின் அடிவயிறு என்ற முடிவிலிருந்து தப்பிக்க வழியில்லை.

இந்த மலையிலேயே இருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு வருகிறவர்கள் மேலே பார்க்கத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி: ஆர்த்தோபைராக்சீன் வானத்துக்கும் சொந்தம். பூமியில் விழும் கல்வகை விண்கற்களில் மிகுதியாகக் காணப்படும் கனிமங்களில் அதுவும் ஒன்று.

பெயருக்கு வருவோம். அது ஜவ்வாது மலையில் பிறந்த பெயர் இல்லை. கொல்கத்தாவில், ஒரு கல்லறையில் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஜாப் சார்னாக் 1693-இல் இறந்தார். கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கங்கையின் வண்டல் படிந்த அந்த ஊரில் கட்டடத்துக்கான கல் கிடையாது. கல்லறைமேல் கிடக்கும் கரும்பலகை எங்கிருந்து வந்திருக்கும்? இருநூறு ஆண்டுகள் கழித்து இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணிபுரிந்த தாமஸ் ஹாலண்ட், இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர், அந்தக் கல்லை ஆராய்ந்தார். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் கிடைக்கும் கல்லும் அதுவும் ஒன்றே என்று கண்டார். 1893-இல் வங்காள ஆசியவியல் கழகத்தின் இதழில் அதைப் பற்றி எழுதி, சார்னாக் நினைவாகச் சார்னோகைட் என்று பெயரிட்டார். பின்னாளில் அத்துறைக்கே இயக்குநரானார்.

கொல்கத்தாவை நிறுவியவர் சார்னாக் என்று வெகுகாலம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். 2003-இல் கொல்கத்தா உயர்நீதிமன்றம், அவரை நிறுவனர் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. ஊர் கைவிட்டுப் போனாலும் கல் அவர் பெயரிலேயே இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டுக் கல். பரங்கிமலையில் உள்ள சார்னோகைட் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் அன்றாடம் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

ஹாலண்ட் 1900-இல் விரிவான நூல் ஒன்று எழுதினார். தென்னிந்தியா முழுக்க இந்தக் கல்லும் இதன் உறவுக்கற்களும் பரவிக் கிடப்பதைக் காட்டி, இவையெல்லாம் உருகிய குழம்பு இறுகி உருவானவை, அதாவது தீப்பாறைகள் என்றார். அன்று தொடங்கிய சண்டை முழுக்க ஓயவில்லை. ஏற்கெனவே இருந்த பாறை, உருகாமலேயே, சூட்டில் கனிமம் மாறிச் சார்னோகைட் ஆகியிருக்கக் கூடாதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். அப்படியானால் அது உருமாறிய பாறை. ஒரு கல் எந்தச் சாதி என்பதில் நூறாண்டுத் தகராறு நடந்த கதை வேறு கற்களுக்கு அதிகம் கிடையாது.

தகராறில் கண்ணால் காணும் சாட்சியாக வந்தது கர்நாடகத்தின் கப்பல்துர்கா. அங்கே ஒரு குவாரியில் சாம்பல் நிற நைஸ் பாறையின் நடுவே, விரிசல்களையும் அழுத்தம் விழுந்த தடங்களையும் ஒட்டி, கரும்பச்சைத் திட்டுகள் தெரியும். நைஸின் வரிகள் அந்தத் திட்டுக்குள் நுழைந்ததும் மங்கிக் கலைந்துபோகின்றன. திட்டு முழுவதும் சார்னோகைட். குழம்பு வந்து புகுந்திருந்தால் வரிகள் வெட்டுப்பட்டிருக்கும். இங்கே அப்படி இல்லை. நைஸ் சார்னோகைட்டாக மாறத் தொடங்கி, பாதியில் நின்ற நிலை அது. மைசூர் புவியியலாளர் சி.எஸ். பிச்சமுத்து 1960-இல் ‘நேச்சர்’ இதழில் இதை உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோகைட் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னார். விரிசல் வழியே கார்பன் டை ஆக்சைடு மிகுந்த பாய்மம் ஏறி வந்து தண்ணீரை ஓரங்கட்டியதுதான் காரணம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் விளக்கின. அந்தக் கனிமங்களுக்குள் நுண்ணிய குமிழிகளாகக் கார்பன் டை ஆக்சைடு சிறைப்பட்டிருப்பதையும் நுண்ணோக்கியில் காட்டினார்கள்.

அப்படியென்றால் ஹாலண்ட் சொன்னது தவறா? முழுக்கத் தவறில்லை. சில சார்னோகைட்டுகள் தண்ணீரற்ற குழம்பிலிருந்து நேராக இறுகியவை. சில, மாறியவை. சில, முதலில் குழம்பாக வந்து இறுகி, பிறகு ஆழத்தில் மறுபடி வெந்தவை. ஆகவேதான் இன்றைய வரையறை பிறப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஆர்த்தோபைராக்சீன் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. பிறப்பைப் பற்றி இன்னும் விவாதம் உள்ள ஒரு பொருளை வரையறுக்க அதுவே நேர்மையான வழி என்பது என் எண்ணம். பாடநூல்களில் சார்னோகைட்டைத் தீப்பாறைப் பட்டியலிலும் உருமாறிய பாறைப் பட்டியலிலும் பார்த்துக் குழம்பும் மாணவர்கள், அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

கண்டிப்பாகப் பார்த்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் போதிய அளவு இருந்தால்தான் சார்னோகைட். அது குறைந்து சோடியம், கால்சியம் வகை ஃபெல்ட்ஸ்பாரே மேலோங்கினால் எண்டர்பைட். அந்தப் பெயரை 1936-இல் சி.இ. டில்லி, அண்டார்க்டிகாவின் எண்டர்பி லாண்ட் பகுதிக் கல்லுக்கு வைத்தார். தமிழ்நாட்டில் சார்னோகைட் என்று வரைபடத்தில் இருப்பதில் நிறைய, கறாராக அளந்தால் எண்டர்பைட்தான். களத்தில் யாரும் அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. அண்டார்க்டிகா, மடகாஸ்கர், இலங்கையின் நடுமலைப் பகுதி, தென்னிந்தியா என எல்லா இடத்திலும் இந்தக் குடும்பக் கற்கள் இருப்பதும், இவையெல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கிடந்ததும் சேர்ந்தே நினைக்க வேண்டியவை.

அதே 1936-இல் புவியியலாளர் லூயிஸ் ஃபெர்மர், இந்திய வரைபடத்தில் சார்னோகைட் உள்ள பகுதியையும் இல்லாத பகுதியையும் பிரித்து ஒரு கோடு போட்டார். ஃபெர்மர் கோடு என்றே இன்றும் சொல்கிறார்கள். அதன் ஒரு பக்கம் கர்நாடகப் பக்கத்து நைஸ் நிலம். தெற்கே வந்தால் சார்னோகைட் நாடு. ஜவ்வாது மலை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, நீலகிரி எல்லாம் சார்னோகைட் பக்கம். நம் மலைகள் பலவும் இந்தக் கல்லாக இருப்பதில் வியப்பில்லை. சுற்றியுள்ள நைஸை விட இது உறுதியானது. தாழ்ந்த நிலம் தேய்ந்து சமவெளியாக, இது உயர்ந்து நின்றுவிட்டது.

எல்லா மலையும் அப்படி என்று எண்ணிவிடக் கூடாது. ஜவ்வாது மலையின் மேற்கு ஓரத்திலிருந்து பார்த்தால் எதிரே தெரியும் ஏலகிரி வேறு சாதி. அது சயனைட், அதாவது ஃபெல்ட்ஸ்பார் நிறைந்து, குவார்ட்ஸ் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் தீப்பாறை. வயதும் ஏறத்தாழ 75 கோடி ஆண்டுதான். திருப்பத்தூரில் நின்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மலை தெரியும். நடுவில் 175 கோடி ஆண்டு இடைவெளி இருப்பதைப் பார்வை சொல்லாது. ஜவ்வாது மலைக்குள்ளேயும் நைஸ் பட்டைகள் உண்டு. பாறையைக் கிழித்துக்கொண்டு நேர்கோடாகப் போகும் கன்னங்கரிய சுவர் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் அது டோலரைட் என்ற தீப்பாறையாக இருக்கலாம். உடைத்தால் உள்ளே மணி தெரியாமல் நுண்மையாக இருக்கும்; அதுவும் ஊர் வாயில் கருங்கல்தான்.

சார்னோகைட்டைப் பார்க்க மலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னை புறநகரில் ‘எம்.சாண்ட், பி.சாண்ட், ப்ளூ மெட்டல் கிடைக்கும்’ என்று எழுதிய பலகைக்குக் கீழே குவிந்திருக்கும் முக்கால் இன்ச், ஒன்றரை இன்ச் ஜல்லியில் பெரும்பகுதி இதுதான். ப்ளூ மெட்டலில் உள்ள அந்த ‘ப்ளூ’, மேலே சொன்ன நீலச் சாயல். பல்லாவரம், பம்மல், திரிசூலம் குன்றுகளைத் தோண்டி எடுத்துத்தான் சென்னையின் பாதிக் கான்கிரீட் எழுந்தது. கல் எடுத்துக் கைவிட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. 2017 தண்ணீர்ப் பஞ்சத்தில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்து நகருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

ஜவ்வாது மலையில் இந்தக் கல் வேறு விதமாக வாழ்க்கையில் கலந்திருக்கிறது. கீழ்செப்பிலியில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் நிற்கின்றன. பாளம் பாளமாகப் பெயரும் மலைக்கல்லை நிறுத்தி மேலே ஒரு பலகையை மூடிய அமைப்பு. மலையாளி மக்கள் சாமை விதைக்கும் கொல்லைகளின் செம்மண்ணும் கல் தந்ததே. ஹைப்பர்ஸ்தீனில் உள்ள இரும்பு காற்றும் மழையும் பட்டுத் துருப்பிடிக்கிறது, ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது. இரண்டும் கலந்தால் செம்மண். சாலையோர வெட்டில் பார்த்த பழுப்புத் தோல் அந்த வேலையின் முதல் கட்டம். விரிசல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இடங்களில் தண்ணீர் மூலைகளைத் தின்னத் தின்ன, கல் உருண்டையாகித் தோல் தோலாக உரிந்து கிடப்பதையும் பார்க்கலாம்.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு இந்தத் தோலின் கனம்தான் முக்கியம். கட்டியான சார்னோகைட்டுக்குள் நீர் தங்கத் துளை கிடையாது. மேலே மட்கிய அடுக்கில் ஊறும் தண்ணீரும், கீழே விரிசலில் ஓடும் தண்ணீரும்தான் உண்டு. அதனால் ஒரு வயலில் போர் போட்டுத் தண்ணீர் கிடைத்தால், பத்தடி தள்ளிப் போட்டாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முதல் துளை ஒரு விரிசலை வெட்டியிருக்கும், இரண்டாவது அதைத் தவறவிட்டு, எத்தனை அடி போனாலும் நீலக் கல்தூளையே வெளியே தள்ளும். மழைக்காலத்தில் செய்யாறும் கமண்டல நதியும் இந்த மலையிலிருந்து வேகமாக இறங்கி, வெயில் வந்ததும் மணலாகத் தெரிவதற்கும், கல் தண்ணீரைப் பிடித்துவைக்காதது ஒரு காரணம்.